களைக்கொல்லி மருந்துகளும் பயிரின் வேர்நுனியும்

ஆழ்வார்திருநகரி விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது

தாமிரபரணிப் பாசனத்து நஞ்சை நிலங்களில் களைக்கொல்லி மருந்துகளின் உபயோகம் பெருகிவிட்டதை மிராசுதாரர்கள் அனைவரும் அறிவர். களையெடுப்புக் கூலி ஏறிவிட்டது. கூலி கொடுத்தாலும் உரிய நாளில் ஆட்கள் கிடைப்பது அரிதாயிருக்கிறது. ஆதலின் இம்மருந்துகளை அடியோடு விலக்க வேண்டுமென்று சொல்ல இங்கு முற்படவில்லை. ஆனால் நடவு முடிந்த மூன்றாம் நாள் மணலிற் கலந்து வீசப்படும் மருந்து, களையை எந்த இடத்தில், எவ்விதமாகக் கொல்லுகிறது என்பதை வாங்குவோரும் அறியார். விற்போரிலும் அறிந்தவர் சிலரே. நெருப்பைப் போல் இலையைக் கருக்கிவிடும் என்பதே பொதுவான எண்ணம். களை முளைக்குமுன் இடப்படும் மருந்துகளிற் பெரும்பாலானவை அவ்வாறு செய்வதில்லை. முளைத்து வரும் வித்தின் வேர்நுனியிலும் குருத்திலும் நடைபெறும் உயிரணுப் பிரிவினை என்னும் வேலையையே அவை நிறுத்துகின்றன. அவ்வேலை பயிருக்கும் உண்டு. பயிரின் வேர்நுனியும் அதே அமைப்புடையது. இதனை மனத்திற் கொண்டு பார்த்தால், மேல் வயற்காரருக்கும் கீழ் வயற்காரருக்கும் இடையே நாற்றங்கால் பொய்த்த காலத்தில் நேரிடும் மனஸ்தாபங்களிற் பல தெளிவாகிவிடும்.

நெல் நாற்று ஒன்றைப் பிடுங்கி, தொளியைக் கழுவிவிட்டு, வேரின் கடைசி நுனியைக் கவனிக்க. தொப்பி போன்ற ஓர் உறை அதனை மூடியிருக்கும். அவ்வுறைக்கு அடுத்தாற்போல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள இடத்தில்தான் புதிய உயிரணுக்கள் பிறக்கின்றன. அதற்கு மேற்பட்ட பாகத்தில் அவை நீளுகின்றன. அதற்கும் மேலே வேர்த்தூவிகள் தோன்றி நீரையும் சத்துக்களையும் உறிஞ்சுகின்றன. ஆகவே நுனியிற் பிறப்பு நின்றுவிடுமாயின் வேர் நீளாது, புதுத் தூவிகளும் உண்டாகமாட்டா. இட்ட உரம் வேருக்கு எட்டாத தூரத்திற் கிடக்கும். மேலே இலை பச்சையாகவே நிற்பதால், ஒரு வாரம் பத்து நாள் வரையில் குடியானவருக்கு ஒன்றும் தெரியாது.

ஓர் உயிரணு இரண்டாவதற்கு முன்னர், பரம்பரைக் குணங்களைத் தாங்கியுள்ள குரோமசோம்கள் என்னும் இழைகள் தம்மை இரட்டித்துக் கொள்ளுகின்றன. வெங்காயத்தில் அவ்விழைகள் 16, நெல்லில் 24. இரட்டித்தவை நடுவில் அணிவகுத்து நிற்க, இரு முனைகளிலிருந்தும் நீண்டு வரும் மிக நுண்ணிய நார்கள் அவற்றைப் பற்றிச் சமபாதியாக இரு பக்கமும் இழுத்துச் செல்லும். தேருக்கு முன்னும் பின்னும் வடம் பூட்டி இழுத்தாற்போல் என்று சொல்லலாம். இங்கே தேர் இரண்டாகி, இரண்டு நிலைகளுக்கும் போய்ச் சேருகிறது என்பதே வித்தியாசம். அந்த வடங்கள் டியூபுலின் என்னும் புரதத்தினால் முறுக்கப்படுபவை.

சின்ன வெங்காயத்திலும் பயறு வகைகளிலும் இடப்படும் பெண்டிமெத்தலின் என்ற மஞ்சள் நிற மருந்து இந்த டியூபுலினைப் பற்றிக்கொண்டு வடம் முறுக்கப்படாதபடி செய்துவிடுகிறது. இழைகள் இரட்டித்து நிற்கும், இழுப்பார் இல்லை. பிரியவேண்டிய உயிரணு பிரியாமல் உள்ளேயே பருத்து, இரட்டை நாலிரட்டை இழைகளுடன் முடங்கிக் கிடக்கும். நீள வேண்டிய இடம் நீளாமல் பக்கவாட்டிற் பெருப்பதால், வேர்நுனி உலக்கைப் பூண் போல வீங்கிவிடுகிறது. இவ்வீக்கமே அம்மருந்தின் கையெழுத்து எனலாம்.

இதில் நமக்கு வியப்பான செய்தி ஒன்றுண்டு. நம் நாட்டு வேலிகளிற் படரும் செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்குக் கொடியில் கொல்சிசின் என்னும் நஞ்சு இருக்கிறது. அதுவும் இவ்வேலையையே செய்வது. 1938-ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து ஆல்பர்ட் லெவான் என்பவர், கொல்சிசின் கரைசலில் வெங்காய வேரை வளர்த்து, வடமிழந்த குரோமசோம்கள் சிதறிக் கிடப்பதைப் பூதக்கண்ணாடியின் கீழ்க் கண்டு எழுதினார். வெங்காய வேரை நஞ்சின் உரைகல்லாகக் கொள்ளும் முறை அவரிடமிருந்தே கிளைத்தது; 1985-இல் அதே நாட்டுப் பிஸ்கேஷோ என்பவர் அதனை நீர்நிலைகளின் மாசு அறியும் சோதனையாக ஒழுங்குபடுத்தினார். ஆனால் காந்தளின் நஞ்சு மனிதர், விலங்குகளின் டியூபுலினை வலுவாகப் பற்றும். செடியினுடையதை அவ்வளவாகப் பற்றாது. பெண்டிமெத்தலின் வகையோ செடியினுடையதையே பற்றும். ஒரே பூட்டு, இரு வேறு சாவிகள். அதற்காக மருந்துப் போத்தலைக் கையுறையின்றிக் கையாளலாமென்று எவரும் கருத வேண்டா. போத்தலிலுள்ள கரைப்பான்களே தோலையும் கண்ணையும் கெடுக்கப் போதுமானவை.

நெல் வயலில் இடப்படும் பூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் ஆகியவை வேறு வகையைச் சேர்ந்தவை. புதிய உயிரணுவுக்குச் சவ்வு கட்டுவதற்கு மிக நீண்ட கொழுப்பமிலங்கள் வேண்டும். அவற்றைச் செடி உண்டாக்கவொட்டாமல் இம்மருந்துகள் தடுக்கின்றன. சுவரெழுப்பச் செங்கல் இல்லாததால் வீடு நிற்கிறது. இங்கே வேர்நுனி அவ்வளவாக வீங்குவதில்லை. வேர் குட்டையாகவே நின்றுவிடும், குருத்திலை சுருண்டு உறைக்குள் சிக்கிக்கொள்ளும், நாற்று கரும்பச்சையாய்க் குறுகி நிற்கும். பிஸ்பைரிபாக் சோடியம், பைரசோசல்பியூரான் போன்றவை மூன்று அமினோ அமிலங்களின் உற்பத்தியை அடைத்துவிடுகின்றன. இவ்வகை மருந்து பட்ட சில மணி நேரத்திலேயே வேர்நுனியிற் பிரிவினை நின்றுவிடுவது கண்டறியப்பட்டுள்ளது. 2,4-டி என்பது இவற்றுக்கு நேர்மாறானது. செடியின் வளர்ச்சித் தூண்டுபொருளைப் போல நடித்து, பிரிவினையைக் கட்டுக்கடங்காமல் கிளப்பிவிடும். ஆய்வகங்களில் திசு வளர்ப்புக்காக வெட்டுத் துண்டிலிருந்து உருவமற்ற திசுக்கட்டியை உண்டாக்க இதனையே மிகச் சிறு அளவிற் சேர்க்கிறார்கள். அளவு மீறினால் வேர்கள் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, நீளாமல் நின்றுபோம்.

நம் தேசத்தில் மருந்தினாற் களையழிக்கும் முயற்சி 1937-இல் பஞ்சாபில் சோடியம் ஆர்சனைட் என்ற கொடிய நஞ்சோடு தொடங்கி, 1946-இல் 2,4-டி வந்து சேர்ந்தது. அந்நாளைய மருந்துகள் கிலோக்கணக்கில் வேண்டியவை. இந்நாளைய மருந்துகள் சில ஏக்கருக்குச் சில கிராமே போதுமானவை. அளவு குறையக் குறைய அளவுப் பிழையின் விளைவு பெரிதாகிறது என்பதைக் குடியானவர்கள் கவனிக்க வேண்டும்.

இனி, களை மடிய நெல் தப்புவது எங்ஙனம்? நெல்லுக்கு இம்மருந்துகளை ஓரளவு சிதைத்துவிடும் சக்தி இயற்கையிலேயே உண்டு. ஆனால் பெரிய காரணம் இடம். மருந்து தொளியின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாகத் தங்குகிறது. குதிரைவாலிப் புல்லின் சிறு வித்துக்கள் அப்படலத்திலேயே முளைத்து அதிலேயே சாகின்றன. நட்ட நாற்றின் வேரோ அதற்குக் கீழே பத்திரமாயிருக்கிறது. எனவே நடவில் நாற்று மிதந்து வேர் மேலே கிடந்தாலும், பதினைந்து நாள் வயதுள்ள பாய் நாற்றை இயந்திரத்தால் மிக மேலாக நட்டாலும், வயல் மேடு பள்ளமாயிருந்து பள்ளத்தில் மருந்து திரண்டாலும், அந்தப் பாதுகாப்புப் போய்விடுகிறது. நேரடி விதைப்பில் நெல்லும் புல்லும் ஒரே படலத்தில் முளைப்பதால், காப்புப் பொருள் கலந்த பிரெட்டிலாகுளோரையே இடவேண்டும் என்று விதித்திருப்பது இதனாலேதான். பென்குளோரிம் என்னும் அக்காப்புப் பொருள், நெல் நாற்று மருந்தைச் சிதைக்கும் வேகத்தை உயர்த்துகிறது. காப்பு இல்லாத மருந்து விலை சற்று மலிவு என்று அதனை நேரடி விதைப்பில் இட்டவர்கள் விதை நெல்லின் விலையையும் சேர்த்து இழந்திருக்கிறார்கள்.

நமது பகுதிக்கே உரித்தான அபாயம் வேறொன்று. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு இந்நதியின் கடைசி அணைக்கட்டு. அதன் தென்காலிலும் வடகாலிலும் வரும் நீர், பல இடங்களில் வாய்க்காலிலிருந்து ஒவ்வொரு வயலுக்கும் தனி மடை வழியாகப் போவதில்லை. மேல் வயலை நிரப்பி, வரப்பில் வெட்டிய வாய் வழியாக அடுத்த வயலுக்கும், அதிலிருந்து அதற்கடுத்த வயலுக்குமாக இறங்குகிறது. ஒருவர் இட்ட மருந்து அவருடைய வரப்போடு நின்றுவிடும் என்பது இந்த ஏற்பாட்டில் நடவாத காரியம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு ஒரு லிட்டர் வீதம் இடப்படும் 50 சதவீதப் பூட்டாகுளோரில் 500 கிராம் மருந்துச் சத்து உளது. ஐந்து சென்டிமீட்டர் ஆழம் நீர் நின்றால், ஓர் ஏக்கரில் ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர் நீர். சேறு பிடித்துக்கொள்ளுவதை நீக்கிவிட்டால், லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராம் ஆகிறது. தூய நீர் லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை பூட்டாகுளோரைக் கரைத்துக்கொள்ளும் ஆதலால், இவ்வளவும் நீரோடு ஓடக்கூடியதே. அந்நீரை மறுநாளே திறந்துவிட்டால், அது கீழேயுள்ள எட்டு சென்டு நாற்றங்கால் ஒன்றின் மீது முழுவதும் பாயும். சேறு பாதியைப் பிடித்துக்கொண்டாலும், முளைகட்டி விதைத்து நாலு நாளே ஆன நாற்றுக்கு மீதி போதும்.

சில பருவங்களுக்கு முன் ஆழ்வார்திருநகரிக்குக் கீழ்ப்புறத்துக் கிராமம் ஒன்றில், பிசானத்துக்குப் பாவிய நாற்றங்கால் ஒன்று விரலளவோடு நின்றுவிட்டது. துத்தநாகக் குறைவு என்று ஒருவர் சொல்ல, ஜிங்க் சல்பேட்டு இட்டாயிற்று. விதை கெட்டது என்று மற்றொருவர் சொல்ல, விதை கொடுத்தவரிடம் சண்டையும் ஆயிற்று. “அண்ணாச்சி, இலையைப் பார்த்தது போதும், இருபது நாற்றைப் பிடுங்கிக் கழுவுங்கள்” என்றேன். மடைவாயின் அருகிற் பிடுங்கியவற்றின் வேர் அரை விரற்கடைகூட இல்லை; எதிர் மூலையில் நீர் ஏறாத மேட்டில் பிடுங்கியவற்றின் வேர் நான்கு விரற்கடை நீண்டு வெள்ளையாயிருந்தது. விதை ஒன்றே, உரம் ஒன்றே. நீர் சென்ற வழி மட்டும் வேறு. மேல் வயற்காரரும் ஒளிக்கவில்லை. நடவுக்கு மூன்றாம் நாள் மருந்து வீசியதாகவும், அன்றிரவு மழை பெய்ததனால் வரப்பு உடையுமென்று அஞ்சி நீரை வடித்ததாகவும் சொன்னார். இருவரும் உறவினர். மறுபடி பாவிய நாற்று நடவுக்கு வரும்போது மூன்று வாரம் பிந்திவிட்டது. கதிர் வாங்கும் சமயத்தில் கடைமடைக்கு நீர் எட்டாமல் எண்ணெய் இயந்திரம் வைத்து இறைக்கவேண்டியதாயிற்று. அந்தச் செலவை யார் ஏற்பது என்பது இன்றுவரை அக்குடும்பத்தில் தீராத பேச்சு.

வேர் குன்றியதற்கெல்லாம் மருந்தே காரணம் என்று துணிவதும் தவறு. வடிகால் இல்லாத வயலில் வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும். அது சேற்றிற் பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடின் வேலை. உவர் நிலத்தில் இலை நுனி வெளுத்துக் காய்ந்து, வயல் திட்டுத்திட்டாக இருக்கும். துத்தநாகக் குறைவில் நட்ட இரண்டு மூன்று வாரத்தில் அடியிலைகளில் துருப்போன்ற புள்ளிகள் காணும். வேர்நுனியில் விசேஷம் ஒன்றுமில்லை. மயங்க வைப்பது வேர்முடிச்சு நூற்புழு ஒன்றே. அதுவும் நெல்லின் வேர்நுனியை வீங்கச் செய்யும். ஆனால் அவ்வீக்கம் தூண்டில் முள் போல் வளைந்திருக்கும். சில வேர்களில் இருந்து சிலவற்றில் இராது. மருந்தின் வீக்கமோ நேராக, வழுவழுப்பாக, ஒரே வயதுள்ள வேர்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியாக இருக்கும். பாதிப்பு நீர் வந்த வழியையோ தெளிப்பான் சென்ற வழியையோ தொடர்ந்து செல்லும்.

வந்தபின் ஆராய்வதினும் வருமுன் அறிவது எளிது. அதற்கு வேண்டியது ஒரு படி சின்ன வெங்காயம். ஒரே குவியலிலிருந்து, ஒரே பருமனுள்ள, முளைவிடாத பன்னிரண்டு பல்லுக்குச் சற்று மேலாகவே எடுத்துக்கொள்க. உதிரும் தோலை நீக்கி, அடியிலுள்ள காய்ந்த பழைய வேரை மட்டும், வேர்த்தட்டு காயப்படாமல் சுரண்டிவிட வேண்டும். சிறு மருந்துப் போத்தல்களில் நல்ல கிணற்றுநீரை நிரப்பி, அடிப்பாகம் மட்டும் நீரைத் தொடுமாறு வாயின்மேல் வைத்து, நிழலில் இரண்டு நாள் விடுக. வேர் விடாதவற்றையும் நோஞ்சானையும் கழித்துவிட்டு, தேறியவற்றுள் நாலை அதே நல்ல நீரிலும், நாலை வாய்க்கால் நீரிலும், நாலை மேல் வயலிலிருந்து வடியும் நீரிலும் வைத்து, நீரைத் தினமும் மாற்றி வருக. மூன்றாம் நாள் அளவுகோலால் வேர்களை அளந்தால் வித்தியாசம் பிரத்தியட்சமாகும். சந்தேக நீரில் வளர்ந்த வேர் நல்ல நீரில் வளர்ந்ததிற் பாதிக்கும் குறைவாயிருந்தால், அந்நீரை நாற்றங்காலுக்குள் விடுவதில்லை என்பது நான் கைக்கொண்டு வரும் வரம்பு. நல்ல கிணற்றுநீர் வைத்த போத்தல்கள் இல்லாத சோதனை சோதனையே அன்று. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மண்ணிற் சந்தேகம் இருந்தால் இம்முறை உதவாது. பெண்டிமெத்தலின் ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமில் மூன்றிலொரு பங்கே கரையும்; எஞ்சியது மண்ணைப் பற்றிக்கொண்டு வாரக்கணக்கில், சில மண்ணில் மாதக்கணக்கிலும், தங்கும். வெங்காயத்துக்கோ உளுந்துக்கோ அதனை இரட்டைப் பங்கு இட்டுவிட்டு, உடனே அந்நிலத்தில் சோளமோ குதிரைவாலியோ விதைக்கக் கருதுபவர், வயலின் ஐந்தாறு இடங்களில் நான்கு விரற்கடை ஆழம் வரை மண்ணெடுத்துக் கலந்து, ஆறு சிரட்டைகளில் நிரப்புக. மருந்து படாத இடத்து மண்ணை வேறு ஆறு சிரட்டைகளில் நிரப்புக. தாம் விதைக்கப்போகும் விதையையே சிரட்டைக்குப் பத்தாக ஊன்றி, பத்தாம் நாள் மண்ணோடு கவிழ்த்து வேரைக் கழுவிப் பார்த்தால் போதும். சிரட்டையின் கண்ணைத் திறந்துவிட வேண்டும். நீர் தேங்கினால் அதுவே வேரைக் கெடுத்துச் சோதனையைக் குழப்பும்.

இச்சோதனைகளுக்கு எல்லை உண்டு. மக்காச்சோளத்தில் இடப்படும் அட்ரசின் இலையில் ஒளியின் உதவியால் நடைபெறும் உணவுத் தயாரிப்பைத் தடுப்பதேயன்றி வேர்நுனியின் பிரிவினையை நேராகத் தொடுவதில்லை. போத்தல்மேல் இருக்கும் வெங்காயம் தன் சேமிப்பையே தின்று வேர்விடுவதால், அட்ரசின் உள்ள நீரிலும் செழிப்பாகவே வேர்விட்டுக் காட்டும். அவ்வகை மருந்துக்குச் சிரட்டைச் செடி நாலைந்து இலை விடும்வரை காத்திருக்க வேண்டும். உவர்நீரும் வெங்காய வேரைக் குறுக்கும் ஆதலால், கடற்பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரை நல்ல நீராகக் கொள்ளக் கூடாது.

வயலில் கைக்கொள்ள வேண்டுவன சிலவே. நடவு வயலில் பூட்டாகுளோரை ஏக்கருக்கு ஒரு லிட்டருக்கு மேற்படாமல், 20 கிலோ உலர்ந்த மணலிற் கலந்து, நட்ட மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் மெல்லிய நீர்ப்படலத்தின் மேல் சீராக வீசவேண்டும். அதன்பின் இரண்டு மூன்று நாள் நீரை வடிக்கவும் கூடாது. புதிதாகப் பாய்ச்சவும் கூடாது. மழை வரும் நாளாகத் தோன்றினால் வீச்சைத் தள்ளிப்போடுக. ஐந்து நாள் கடந்துவிட்டால் அம்மருந்தை விட்டு, கோனோவீடர் உருளைக் களைக்கருவிக்கோ கைக்களைக்கோ போவதே நலம். சின்ன வெங்காயத்துக்கு 30 சதவீதப் பெண்டிமெத்தலின் ஹெக்டேருக்கு 3.3 லிட்டர், அதாவது ஏக்கருக்கு ஒன்றேகால் லிட்டருக்குச் சற்று மேல். போத்தல் மூடியால் அளப்பதைக் காட்டிலும் இரண்டு ரூபாய் அதிகம் கொடுத்து ஓர் அளவுக் குவளை வாங்கி வைப்பது இலாபம்.

வாழைக்காரர்களுக்கு ஒரு சொல். கிளைபோசேட்டு இலையில் விழுந்தால் அங்கே நில்லாது; உணவோடு கலந்து வளரும் முனைகளுக்கெல்லாம், வேர்நுனிக்கும் சேர்த்து, ஓடும். பக்கக் கன்றின்மேற் பட்டது தாய்க்கிழங்கையும் அடையும். மத்திய அரசு 2022 அக்டோபர் மாதத்து ஆணையால், பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மூலமன்றி அதனைத் தெளிக்கக் கூடாதென்று வரையறுத்தது. பூட்டாகுளோருக்கு இனமான அலாகுளோர் 31-12-2020 முதல் தடை செய்யப்பட்டது. 2020 மே மாதத்து வரைவு ஆணையில் பூட்டாகுளோர், பெண்டிமெத்தலின், 2,4-டி உள்ளிட்ட 27 மருந்துகள் இருந்தன. 2023-இல் அவற்றுள் டைகோபால், டினோகாப், மெத்தோமில் என்ற மூன்றுமே தடைக்குள்ளாயின. 2,4-டியைப் பற்றி ஆற்றின் கீழ்ப்பகுதியார் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலில் வெற்றிலையும் அகலவிலைச் செடி, அதைத் தாங்கும் அகத்தியும் அகலவிலைச் செடி. நெல் தாங்கும் 2,4-டியை இரண்டும் தாங்கா. கொடிக்காலுக்குக் காற்று வீசும் திசையிலும் அதற்குப் பாயும் வாய்க்காலின் மேலும் அம்மருந்தைத் தெளிக்கலாகாது.

ஒரே மருந்தை ஆண்டுதோறும் இடுவோர்க்கும் ஒரு செய்தி உண்டு. 1984-இல் அமெரிக்காவின் தென் கரோலினா பருத்தி வயல்களில், கேழ்வரகுக்கு உறவான ஒரு புல் பெண்டிமெத்தலின் வகைக்கு அடங்காமற் போனதாக அறியப்பட்டது. 1998-இல் காரணம் வெளியாயிற்று: அப்புல்லின் டியூபுலினில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியிருந்தது. பூட்டு அவ்வளவு சிறிதாக மாறியதே மருந்தென்னும் சாவி பொருந்தாமற்போகப் போதுமானதாயிருந்தது. அதே இனப் புல் நம் வரப்புகளிலும் முளைக்கிறது.

கிராம நிர்வாக அலுவலர்களும் நீர்ப்பாய்ச்சிகளும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நாற்றங்காலும் நடவும் ஒரே சமயத்தில் நிகழும் வாரங்களில், எந்தச் சர்வே எண்ணில் எந்தத் தேதியில் எந்த மருந்து இடப்பட்டது, நீர் எப்பக்கம் இறங்குகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், நாற்றங்காற்காரர் அந்நாட்களில் தம் மடையை அடைத்துக்கொள்ளலாம். கூடுமான இடங்களில் நாற்றங்காலை வாய்க்காலிலிருந்து நேர்மடை உள்ள வயலிலேயே அமைக்கச் சொல்லலாம். சேதம் நேர்ந்து விசாரணைக்கு வருமாயின், மடைவாயிலிருந்து இருபது நாற்றும், நீர் ஏறாத மூலையிலிருந்து இருபது நாற்றும் தொளியோடு அள்ளி, ஈரச் சாக்கில் தனித்தனியே சுற்றி, இடத்தின் பெயரெழுதிய சீட்டு ஒன்றை ஒவ்வொன்றிலும் கட்டி, இரண்டு நாட்களுக்குள் வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மருந்தின் காலிப் போத்தலும் கடைச் சீட்டும் உடன் வருதல் அவசியம். வேரைக் கழுவி அனுப்ப வேண்டாம். அவசரத்தில் கழுவும்போது ஒடிந்துபோவது வேர்நுனியே.